மலாய்க்காரர் என்று யார் சான்று தருவது? சிங்கப்பூரின் 2017 அதிபர் தேர்தல்: ஒரு நிகழ்வு ஆய்வு

2017இல் சிங்கப்பூரில் அதிபர் தேர்தல் முதன்முறையாக ஒரே ஓர் இனத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. மலாய்ச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் மட்டுமே போட்டியிடலாம். அப்படிப் போட்டியிட முன்வந்து கவனம் பெற்ற மூன்று பேருக்குமே இந்தியத் துணைக்கண்டத்து வேர் இருந்தது. "இவர் உண்மையிலேயே மலாய்க்காரர்தானா?" என்ற கேள்வி மூவரையும் மாதக்கணக்கில் துரத்தியது. கடைசியில் ஒரு வாக்கும் பதிவாகாமலேயே அவர்களில் ஒருவர் அதிபரானார்.

மூவரின் பெயரும் ஊரறிந்ததுதான். என்றாலும் இந்த ஆய்வில் அவர்களைப் பெயர் சொல்லாமல் பார்த்த வேலையால் மட்டும் குறிப்பிடுகிறேன். அவர்கள் நல்லவர்களா, தகுதியானவர்களா என்பது இங்கே பேச்சில்லை. கலப்புப் பின்னணி உள்ள ஒருவர் ஒரு சமூகத்தின் பிரதிநிதியாக நிற்கும்போது, அவருடைய அடையாளத்தை யார், எதை வைத்து, எந்த இடத்தில் முடிவுசெய்வது என்பதே பேச்சு. தமிழ் வாசகர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. அந்த மூவரில் இருவருடைய தந்தைவழி, கடல் கடந்து போன இந்திய முஸ்லிம் மரபோடு சேர்ந்தது.

பின்னணி: பதவியும் விதியும்

சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் ஒரு மலாய்க்காரர். 1970 நவம்பரில் பதவியில் இருக்கும்போதே காலமானார். அதன்பின் யூரேசியரான பெஞ்சமின் ஷியர்ஸ், மலையாளியான தேவன் நாயர், சீனரான வீ கிம் வீ என்று வரிசை போனது. இவர்களை நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. 1991இல் அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, நாட்டின் கையிருப்பு நிதியையும் முக்கிய நியமனங்களையும் காக்கும் அதிகாரம் அதிபருக்கு வந்தது. அந்த அதிகாரத்தைத் தாங்குபவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முறையும் கூடவே வந்தது. 1993இல் நடந்த முதல் தேர்தலில் ஓங் டெங் சியோங் வென்றார்.

1999இலும் 2005இலும் எஸ்.ஆர். நாதன் போட்டியின்றித் தேர்வானார். தமிழர் ஒருவர் 12 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார் என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் ஒரு தடவைகூட அவர் வாக்குப் பெட்டியைச் சந்திக்க நேரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2011இல் நான்கு முனைப் போட்டி. நால்வருக்கும் குடும்பப் பெயர் டான். டோனி டான் 7,382 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆகவே 2016 வாக்கில் நிலைமை இதுதான்: மக்கள் நேரடியாக வாக்களித்து வந்த இரண்டு தேர்தல்களிலும் சீனர்களே வென்றிருந்தார்கள். மலாய் அதிபர் ஒருவரை நாடு பார்த்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மக்கள்தொகையில் ஏறத்தாழ முக்கால்வாசி சீனர்கள், 13 சதவீதத்தை ஒட்டி மலாய்க்காரர்கள், 9 சதவீதத்தை ஒட்டி இந்தியர்கள். இப்படியொரு நாட்டில் நேரடித் தேர்தல் சிறுபான்மையினருக்குக் கதவைச் சாத்திவிடுமோ என்ற கவலை நியாயமானது. அதை ஆராயத் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையில் அரசமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அது 2016இல் ஓர் ஏற்பாட்டைப் பரிந்துரைத்தது. ஒரு சமூகத்திலிருந்து தொடர்ந்து ஐந்து பதவிக்காலங்களுக்கு அதிபர் வராவிட்டால், அடுத்த தேர்தல் அந்தச் சமூகத்துக்கு மட்டும் ஒதுக்கப்படும். எல்லாச் சமூகத்திலிருந்தும் இயல்பாகவே அதிபர்கள் வந்துகொண்டிருந்தால் இந்த விதிக்கு வேலையே இருக்காது. யோசித்துச் செய்த ஏற்பாடு என்றே சொல்வேன். 2016 நவம்பர் 9 அன்று 77க்கு 6 என்ற வாக்கில் திருத்தம் நிறைவேறியது. அதற்கு முந்தின நாளே, வரும் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்படும் என்று பிரதமர் நாடாளுமன்றத்தில் அறிவித்துவிட்டார்.

மலாய்க்காரர் என்பவர் யார்? சட்டத்தின் பதில் கவனித்துப் படிக்க வேண்டியது. மலாய் இனத்தவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தம்மை மலாய்ச் சமூகத்தின் உறுப்பினராகக் கருதுபவர். அச்சமூகமும் பொதுவாக அவ்வாறே ஏற்றுக்கொள்பவர். இவ்வளவுதான். இரத்தம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரே தொகுதியில் பல வேட்பாளர்கள் ஓர் அணியாக நிற்கும் குழுத்தொகுதி முறை 1988இல் வந்தபோது எழுதிய விளக்கம் இது. ஒவ்வொரு குழுத்தொகுதி அணியிலும் சிறுபான்மையினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதால், யார் மலாய், யார் இந்தியர் என்று சான்றளிக்கும் குழுக்கள் அப்போதிருந்தே இயங்கி வந்தன. அதாவது 2017க்கு முன்பு 29 ஆண்டுகளாக இந்த வேலை சத்தமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

அண்டை நாடான மலேசியாவின் அரசமைப்புச் சட்டம் வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. இஸ்லாத்தைப் பின்பற்ற வேண்டும், வழக்கமாக மலாய் பேச வேண்டும், மலாய் மரபுகளைக் கடைப்பிடிக்க வேண்டும். சிங்கப்பூரின் விளக்கத்தில் மொழியும் இல்லை, மதமும் இல்லை. சிங்கப்பூரிலேயே 'இந்தியர் மற்றும் இதர சிறுபான்மையினர்' என்ற பிரிவில் இந்தியராக நிற்பவருக்கு இந்திய வம்சாவளி வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. மலாய் விளக்கம் மட்டும் அதைவிடத் திறந்தது. இது ஏதோ கவனப்பிசகில் விழுந்த ஓட்டை கிடையாது. மலாய்ச் சமூகம் வரலாற்றில் எப்படி உருவானதோ அதைச் சட்டம் அப்படியே பிரதிபலிக்கிறது.

பின்னணி: கலந்து வாழ்ந்த இருநூறு ஆண்டுகள்

தெலுக் ஆயர் சாலையில் நாகூர் தர்கா நிற்கிறது. சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் நிற்கிறது. இரண்டையும் எழுப்பியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். காலம் 1830ஐ ஒட்டியது. கடையநல்லூர்க்காரர்கள் பிற்பாடு குடும்பத்தோடு வந்து தஞ்சோங் பகார் பக்கம் குடியேறி, தமிழை விடாமல் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முன்பு தனியாக வந்த வணிகர்களும் மாலுமிகளும் பலர் உள்ளூர் மலாய்ப் பெண்களை மணந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் மலாய்; தொழுகை ஒரே பள்ளிவாசலில்; சாப்பாட்டில் இரண்டு கரையும் கலந்திருக்கும். அவர்களை ஜாவி பெரானாக்கான் என்றார்கள். 1876இல் சிங்கப்பூரில் அதே பெயரில் அவர்கள் தொடங்கிய வார இதழ்தான் மலாய் மொழியின் முதல் செய்தித்தாள் என்று கருதப்படுகிறது. மலாய் இதழியலுக்கு அடிக்கல் நாட்டியவர்கள் இந்தியத் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தவர்கள் என்பதை 2017 விவாதத்தில் யாராவது நினைவூட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது.

சிங்கப்பூர் அரசின் கணக்கில் 'மலாய்' என்ற ஒற்றைத் தலைப்பின் கீழேயே ஜாவானியர், பவேயர், பூகிஸ் என்று பலரும் வருகிறார்கள். அரபு இரத்தம், இந்திய இரத்தம் கலந்தவர்களும் அச்சமூகத்தில் தாராளமாக உண்டு. அடையாள அட்டையின் கதை வேறு. நெடுங்காலம் தந்தையின் இனமே பிள்ளையின் இனமாகப் பதிவானது. 2011 ஜனவரியில்தான் கலப்பு மணத் தம்பதியரின் பிள்ளைகளுக்கு 'இந்தியர்-மலாய்' என்பதுபோல் இரட்டை இனம் பதிய வழி பிறந்தது. அப்போதும் முதலில் எழுதிய இனத்தையே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டு ஒதுக்கீடு போன்றவை கணக்கில் எடுத்தன. ஆக, மலாய்த் தாயின் மடியில் மலாய் பேசி வளர்ந்தவருக்கும் அட்டையில் 'இந்தியர்' என்றே இருக்கலாம். அட்டையில் ஒன்று, வாழ்க்கையில் ஒன்று என்று எத்தனையோ குடும்பங்கள் எந்தச் சிக்கலும் இல்லாமல் வாழ்ந்து வந்தன.

கவனித்தவை: மே முதல் ஆகஸ்ட் வரை

முதலில் வந்தவர் ஒரு தொழிலதிபர். மலாய்ப் பெண்களுக்கான ஆடை வணிகத்தில் வளர்ந்து, பிறகு நகை, சொத்து என்று விரிந்தவர். பங்குச்சந்தையில் இடம்பெற்ற முதல் மலாய் முஸ்லிம் நிறுவனம் என்று அவருடைய நிறுவனம் அறியப்பட்டிருந்தது. அப்போது அவருடைய தந்தைவழியை யாரும் கிளறவில்லை. தேர்தலுக்கு வந்ததும் கிளறினார்கள். செய்தியாளர்கள் முன் மலாயில் பேசும்போது தடுமாறினார் என்பது பெரிய செய்தியானது. மொழியைச் செம்மைப்படுத்திக்கொள்வதாக அவரும் சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்தவர் கடல்சார் துறை நிறுவனம் ஒன்றின் தலைவர். ஜூலையில் அறிவித்தார். மலாய்க்காரர்களின் பழைய மையமான கேலாங் சிராயில் வளர்ந்தவர். அவருடைய அடையாள அட்டையில் இனம் 'பாகிஸ்தானியர்' என்று இருப்பதாகச் செய்தி வந்தது. அவ்வளவுதான், அவர் வளர்ந்த இடமும் பேசும் மொழியும் பின்னுக்குப் போய், அட்டை முன்னுக்கு வந்துவிட்டது.

மூன்றாமவர் நாடாளுமன்ற நாயகர், அதாவது சபாநாயகர். ஆகஸ்ட் 6 அன்று அறிவித்து, மறுநாள் பதவியையும் ஆளுங்கட்சி உறுப்பியத்தையும் விட்டு விலகினார். தந்தை இந்திய முஸ்லிம், காவலாளி வேலை பார்த்தவர். மகளுக்கு எட்டு வயதானபோது இறந்துபோனார். மலாய்த் தாய் தள்ளுவண்டியில் நாசி பாடாங் என்ற சோறும் கறிகளும் சேர்ந்த சாப்பாட்டை விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளி நேரம் போக மகளும் அந்தக் கடையில் வேலை செய்தார். சட்டம் படித்து, 30 ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சங்கத்தில் பணியாற்றினார்; அதற்கிடையே 2001இல் நாடாளுமன்றத்துக்கு வந்தார். 2013இல் சிங்கப்பூரின் முதல் பெண் நாடாளுமன்ற நாயகர் ஆனார். குழுத்தொகுதியில் நின்றபோதே மலாய்ச் சமூகத்தவர் என்ற சான்று அவருக்குக் கிடைத்திருந்தது.

இந்த நான்கு மாதங்களில் பொதுவெளியில் மூன்று அளவுகோல்கள் புழங்கின. அடையாள அட்டையில் என்ன இருக்கிறது, தகப்பனார் யார், மலாய் எவ்வளவு சரளம். இந்த மூன்றில் ஒன்றுகூடச் சட்டத்தில் இல்லை. சட்டம் கேட்ட இரண்டு கேள்விகள், அதாவது நீங்கள் உங்களை என்னவாகக் கருதுகிறீர்கள், உங்கள் சமூகம் உங்களை என்னவாகக் கருதுகிறது என்பவை, பேச்சில் அநேகமாக வரவே இல்லை. ஒருவர் எட்டு வயதிலிருந்து மலாய்த் தாயின் கடையில் வளர்ந்தது எந்த அட்டையிலும் ஏறாது. அதனால்தான் சட்டம் அட்டையைக் கேட்கவில்லை. இதை எளிய மொழியில் மக்களிடம் விளக்கிச் சொல்லும் பொறுப்பு அரசுக்கு இருந்தது. போதுமான அளவு செய்யவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கேள்வி கேட்டவர்களை ஒரே கூட்டமாகப் பார்க்கக் கூடாது. ஒதுக்கீட்டையே விரும்பாத சிலர், வேட்பாளரின் இனத்தைப் பிடித்து ஏற்பாட்டை அடித்தார்கள். ஆனால் மலாய்ச் சமூகத்துக்குள்ளேயே சிலருக்கு உண்மையான ஆதங்கம் இருந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்து எங்களுக்கென்று ஒரு வாய்ப்பு வருகிறது, அதற்கும் வருகிற மூவருமே கலப்புப் பின்னணியாக இருக்கிறார்களே என்று. திறந்த போட்டியில் ஜெயிக்க முடியாது என்று முத்திரை குத்துவதாக ஒதுக்கீட்டையே அவமானமாக உணர்ந்த மலாய்க்காரர்களும் இருந்தார்கள். இந்தக் குரல்களை எல்லாம் 'இனவாதம்' என்று ஒரே வாளியில் போட்டுவிட முடியாது.

இந்திய முஸ்லிம்கள் நிலைமை தனி. தங்கள் மரபில் வந்த ஒருவர் நாட்டின் உச்சப் பதவிக்குப் போகிறார். ஆனால் போவதற்கான வாசலே, அவர் இந்தியர் என்று பேசப்படாமல் இருப்பதில் இருக்கிறது. பெருமைப்படுவதா, ஒதுங்கி நிற்பதா? மூன்று கட்டங்களில் ஒன்றுக்குள் வந்து நிற்கச் சொல்லும் ஏற்பாட்டில், இரண்டு பக்கமும் உறவு வைத்திருக்கும் குடும்பங்களுக்குத் தங்கள் பாதி வாழ்க்கையை வெளியே விட்டுவிட்டு வரும் உணர்வு ஏற்படும். தந்தையைச் சொல்லாமல் தாயை மட்டும் சொல்ல வேண்டிய நெருக்கடியை எந்த மகளுக்கும் எந்தச் சட்டமும் தரக் கூடாது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஐந்து பதவிக்காலங்களை எங்கிருந்து எண்ணுவது என்பது. தலைமைச் சட்ட அதிகாரியின் ஆலோசனைப்படி வீ கிம் வீ காலத்திலிருந்து எண்ணுவதாக அரசு சொன்னது. அவர் நாடாளுமன்றத்தால் நியமிக்கப்பட்டவர்தான் என்றாலும், 1991 திருத்தத்துக்குப் பின் புதிய அதிகாரங்களை முதலில் கையாண்டவர் அவரே என்பது வாதம். அவரில் தொடங்கினால் 2017க்குள் ஐந்து காலம் முடிகிறது, தேர்தல் ஒதுக்கப்படுகிறது. மக்கள் முதன்முதலில் தேர்ந்தெடுத்த ஓங் டெங் சியோங்கில் தொடங்கினால் நான்குதான் ஆகிறது. தேர்தல் எல்லோருக்கும் திறந்திருக்கும். 2011இல் மயிரிழையில் தோற்றவர் மறுபடி நிற்கத் தயாராக இருந்தார். அவர் இந்த எண்ணிக்கையை எதிர்த்து நீதிமன்றம் போனார். ஜூலையில் உயர் நீதிமன்றமும் ஆகஸ்ட் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமும் மனுவைத் தள்ளின. எங்கிருந்து எண்ணுவது என்று குறிப்பிடும் உரிமை நாடாளுமன்றத்துக்கு உண்டு என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி அது சரி. ஆனால் இந்த முடிவின் பாரம் வேட்பாளர்கள் தலையில் விழுந்தது. ஒருவரை வெளியே வைப்பதற்காகவே ஒதுக்கீடு என்ற சந்தேகம் ஊரில் பரவியபோது, ஒதுக்கீட்டில் வரும் எவருக்கும் அந்தச் சந்தேகத்தின் கறை ஒட்டும். இன அடையாளம் பற்றிய கேள்விகள் அவ்வளவு காரமாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இரண்டாவது முடிவு சமூகக் குழுவினுடையது. தலைவரோடு சேர்த்து 16 பேர். சீனர், மலாய், இந்தியர் மற்றும் இதர சிறுபான்மையினர் என்று ஐந்தைந்து பேராக மூன்று துணைக் குழுக்கள். விண்ணப்பித்தவர் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்தானா என்று துணைக் குழு பார்த்துச் சொல்லும். குழுவின் முடிவே இறுதி. மூவருக்கும் மலாய்ச் சமூகச் சான்றிதழ் கிடைத்தது. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் மூன்றுமே சரியான முடிவுகள் என்று நினைக்கிறேன். மொழித் தடுமாற்றத்தையோ அட்டையையோ வைத்து யாரையும் வெளியே தள்ளாதது, மலாய்ச் சமூகம் தன் வரலாற்றுக்கு உண்மையாக நடந்துகொண்டதைக் காட்டுகிறது. ஆனால் எந்த அடிப்படையில் ஏற்றார்கள் என்ற விளக்கம் பொதுமக்கள் கைக்கு வரவில்லை. மாதக்கணக்கில் தெருவில் நடந்த விவாதத்துக்கு, கதவை மூடிக்கொண்டு ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது.

மூன்றாவது முடிவு அதிபர் தேர்தல் குழுவினுடையது. தனியார் துறையிலிருந்து வருபவர் நடத்திய நிறுவனத்தின் பங்குதாரர் பங்கு (கடன் போக எஞ்சும் சொத்து மதிப்பு) சராசரியாக 500 மில்லியன் வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், இருக்க வேண்டும் என்று அதே 2016 திருத்தம் வரம்பை உயர்த்தியிருந்தது. முன்பு இருந்தது 100 மில்லியன் வெள்ளி மூலதனம். ஆடை வணிகத்தில் வளர்ந்தவரின் நிறுவனம் இந்தப் புதிய வரம்பில் ஏறத்தாழ பாதியில் நின்றது. கடல்சார் நிறுவனத் தலைவருக்கும் தகுதி கிடைக்கவில்லை. நாடாளுமன்ற நாயகராக மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர் அரசுத் துறைத் தகுதியில் தானாகவே உள்ளே வந்தார். செப்டம்பர் 11 அன்று, தகுதி பெற்றவர் ஒருவரே என்று அறிவிப்பு வந்தது.

இந்த இரண்டு விதிகளும் ஒன்றோடொன்று மோதும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். ஒரு விதி சிறுபான்மைச் சமூகத்துக்குக் கதவைத் திறக்கிறது. இன்னொன்று அந்தச் சமூகத்தின் தனியார் துறையில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்கூட எட்ட முடியாத உயரத்தில் படியை வைக்கிறது. மலாய்த் தொழில்முனைவோரில் 500 மில்லியன் வெள்ளி நிறுவனம் நடத்துபவர் எத்தனை பேர் என்று அரசுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

விளைவு

டோனி டானின் பதவிக்காலம் ஆகஸ்ட் 31 அன்று முடிந்தது. இடைப்பட்ட நாட்களில் ஜே.ஒய். பிள்ளை தற்காலிக அதிபராக இருந்தார். செப்டம்பர் 13 அன்று, கிங் ஜார்ஜஸ் அவென்யூவில் உள்ள மக்கள் கழகத் தலைமையகத்தில் வேட்புமனுத் தாக்கல். ஒரே மனு. முன்னாள் நாடாளுமன்ற நாயகர் போட்டியின்றித் தேர்வானார். 23ஆம் தேதி நடக்க வேண்டிய வாக்களிப்பு நடக்கவில்லை. இது ஒதுக்கப்பட்ட தேர்தலாக இருந்தாலும் தாம் ஒதுக்கப்பட்ட அதிபர் இல்லை, எல்லோருக்குமான அதிபர் என்று அங்கேயே சொன்னார். மறுநாள் பதவியேற்றார். சிங்கப்பூரின் முதல் பெண் அதிபர். 47 ஆண்டுகளுக்குப் பின் முதல் மலாய் அதிபர். தலைக்கு முக்காடு அணிந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் நபர். சாதாரண நாளாக இருந்தால் வீதியெங்கும் கொண்டாடியிருக்க வேண்டிய செய்தி.

நடந்தது வேறு. 'என் அதிபர் அல்ல' என்ற வாசகம் சமூக ஊடகங்களில் பரவியது. செப்டம்பர் 16 அன்று ஹோங் லிம் பூங்காவில் நூற்றுக்கணக்கானோர் கூடி மௌனமாக உட்கார்ந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். அக்டோபரில் நாடாளுமன்றத்திலும் எண்ணிக்கை பற்றிய கேள்வி மறுபடி எழுந்தது. கோபம் பெரும்பாலும் வாக்குரிமை போனதைப் பற்றியது. ஆனால் அது வந்து விழுந்தது ஒரு மனிதரின் பிறப்பின் மேல். அவருடைய தந்தை யார் என்பது ஒரு வாரத்துக்கு நாட்டின் பேச்சாக இருந்தது.

சட்டம் 'சமூகம் பொதுவாக ஏற்றுக்கொள்பவர்' என்கிறது. ஏற்றுக்கொண்டதை ஐந்து பேர் கொண்ட துணைக் குழு சொன்னது. தேர்தல் நடந்திருந்தால், லட்சக்கணக்கான மலாய் வாக்காளர்களும் மற்றவர்களும் தங்கள் ஏற்பைத் தாங்களே சொல்லியிருப்பார்கள். மூவரும் நின்றிருந்தால் அடையாளக் கேள்வி பின்னால் போய், யாருக்கு என்ன கொள்கை என்ற பேச்சு முன்னால் வந்திருக்கும். ஏனென்றால் மூவரின் பின்னணியும் ஏறக்குறைய ஒன்று. ஒருவரை மட்டும் 'நீ கலப்பு' என்று சுட்ட முடியாது. போட்டி இல்லாமல் போனதுதான் இந்தக் கேள்வியை ஆறாத புண்ணாக்கியது.

அவர் ஆறு ஆண்டுகள் பதவியை நிறைவு செய்து, 2023இல் மீண்டும் நிற்கவில்லை. காலப்போக்கில் பிறப்பு பற்றிய பேச்சு தணிந்தது, பணி பேசியது. 2023 செப்டம்பர் 1 அன்று நடந்தது திறந்த தேர்தல். இலங்கைத் தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த தர்மன் சண்முகரத்னம், இரண்டு சீன வேட்பாளர்களை எதிர்த்து நின்று 70.4 சதவீத வாக்கு பெற்றார். வாக்குப்பதிவு நடந்த அதிபர் தேர்தலில் சீனரல்லாத ஒருவர் வென்றது அதுவே முதல் முறை. ஒதுக்கீடே தேவையில்லை என்பதற்கு இது சாட்சி என்று சிலர் சொன்னார்கள். என்னால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. நிதியமைச்சர், துணைப் பிரதமர், மூத்த அமைச்சர் என்று பல ஆண்டுகளாக எல்லா வீட்டிலும் அறிமுகமான ஒருவரின் வெற்றியை, எல்லாச் சிறுபான்மையினருக்குமான அளவுகோலாக வைக்கக் கூடாது. ஆனால் ஒன்று கண்கூடு. அந்த 70 சதவீதத்துக்குப் பிறகு, அவர் யாருடைய அதிபர் என்று யாரும் கேட்கவில்லை.

மாற்ற வேண்டியவை

சட்டத்தின் விளக்கத்தைத் தொட வேண்டாம். தன்னுணர்வு, சமூகத்தின் ஏற்பு என்ற இரண்டு கால்களில் நிற்கும் அந்த விளக்கம், கலப்புப் பின்னணி உள்ளவர்களுக்கு நான் அறிந்த வரையில் மிக நியாயமானது. இரத்தச் சதவீதம் கேட்கும் எந்த மாற்றமும் பின்னோக்கிப் போவதாகும்.

மாற வேண்டியது சான்று வழங்கும் முறை. சமூகக் குழு, முடிவோடு சுருக்கமான காரணத்தையும் வெளியிட வேண்டும். அந்தரங்க விவரம் தேவையில்லை. இன்னின்ன ஆண்டுகள் சமூக அமைப்புகளில் பணி, முன்பே பெற்ற சான்று, வளர்ந்த சூழல், வந்த ஆட்சேபங்களை எப்படிப் பரிசீலித்தோம் என்று ஒரு பக்கம் போதும். அந்த ஒரு பக்கம் 2017 ஆகஸ்டில் மக்கள் கையில் இருந்திருந்தால், அட்டையைக் காட்டு என்று கேட்டவர்களில் பாதிப் பேருக்காவது பதில் கிடைத்திருக்கும். கால வரிசையும் முக்கியம். 2017இல் சமூகச் சான்றும் நிதித் தகுதியும் கடைசி நேரத்தில் ஒன்றாக வெளிவந்தன. சமூகச் சான்றை மட்டும் பல வாரங்கள் முன்பே கொடுத்து முடித்துவிட்டால், பிரசாரக் காலத்தில் வேட்பாளர் தம் பிறப்பை நியாயப்படுத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒதுக்கப்பட்ட தேர்தலில் மட்டுமாவது தனியார் துறை வரம்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும். வரம்பை எட்டாதவரின் அனுபவத்தைத் தனியாக எடைபோட்டு அனுமதிக்கும் அதிகாரம் அதிபர் தேர்தல் குழுவுக்கு இப்போதும் உண்டு. 2017இல் அந்த வழி யாருக்கும் திறக்கவில்லை. ஒதுக்கீட்டின் நோக்கம் ஒரு சமூகத்தின் ஆட்கள் போட்டியிடுவது என்றால், குறைந்தது இரண்டு பேராவது களத்துக்கு வரும்படி அந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துவதுதான் முறை.

கலப்புப் பின்னணி உள்ளவர் தம் விண்ணப்பத்தில் இரண்டு மரபையும் எழுதுவதற்கு இடம் தர வேண்டும். தேர்தல் கணக்குக்கு ஒரு சமூகம் வேண்டும் என்பது புரிகிறது. அடையாள அட்டையில் இரட்டை இனம் 2011இலேயே வந்துவிட்ட நாட்டில், தேர்தல் படிவம் மட்டும் ஏன் ஒற்றைக் கட்டத்தில் நிற்க வேண்டும்? நான் மலாய்ச் சமூகத்தவர், என் தந்தை இந்திய முஸ்லிம் என்று ஒரே மூச்சில் எழுதவும், அதை அரசே வெளியிடவும் முடிந்தால், வதந்திக்கு வேலை இருக்காது.

இதற்கெல்லாம் கால அவகாசம் இருக்கிறது. 2029 தேர்தலுக்கு முந்தைய ஐந்து பதவிக்காலங்களில் சீனர், மலாய், இந்தியர் மூவருமே அதிபராக இருந்துவிட்டதால், அது திறந்த தேர்தலாகவே நடக்கும். பதவிக்காலங்கள் முழுமையாக ஓடி, இடையில் மலாய் அதிபர் யாரும் வராவிட்டால், மலாய்ச் சமூகத்துக்கு மறுபடி தேர்தல் ஒதுக்கப்படுவது 2053இல். சீனர் யாரும் வராவிட்டால் அவர்களுக்கே 2047இல் ஒதுக்க வேண்டி வரும். அப்போது சீனத் தாய்க்கும் தமிழ்த் தந்தைக்கும் பிறந்த ஒருவர் விண்ணப்பித்தால், இதே படிவம், இதே குழு, இதே கேள்வி அவர் முன்னாலும் வைக்கப்படும்.